பிரிக்காத உறை

ஹைத்தியில் பிறந்த மகன் வில்னோரை இடுப்பில் சுமந்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்த வருஷம், எர்மீத் ஆசைப்பட்டு வாங்கிய சோபா. பெரிய மனிதர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால்தான் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பது என்றிருந்தாள். பெற்ற பிள்ளையையே அதில் உட்கார விட்டதில்லை. சோபாவின் கால் ஆடுகிறது, சரி பண்ணித் தருகிறேன் என்று வில்னோர்தான் எடுத்துப் போனான்.

இன்று அவனுடைய கலைக் கண்காட்சியில், கயிறு கட்டிய மேடைமேல் அதே சோபா, உறையோடு. கோட்டும் சூட்டுமாகக் கூட்டம்.

"இல்லாதவங்களோட பெரிய வீட்டுக் கனவு இது," என்று வில்னோர் விளக்கினான். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான்.

எர்மீத் கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் சரசரத்தது.

"அம்மா, எழுந்திரு. எல்லாரும் பார்க்கிறாங்க."

"வராதவங்கல்லாம் வந்திருக்காங்கடா," என்றாள், உறையைக் கிழித்துக்கொண்டே. "போய்க் காப்பி போடு."