மூன்றாவது மாடிக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

பார்கிசிமெத்தோ நகரில், சனிக்கிழமைகளில் எவேலியோ தன் பழைய வேனில் வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பார். வாங்குகிற சம்பளத்தில் பாதி மாதம்கூட ஓடவில்லை. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஊரின் மறுகோடியில்தான் சவாரி எடுப்பார்.

அன்று, புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ். லிஃப்ட் ஓடவில்லை. முதுகில் கட்டி மூன்று மாடி சுமந்து, வாசலில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்.

“சுவத்துல இடிச்சிராதப்பா!” என்ற வீட்டுக்காரி நெரைதா, உள்ளே திரும்பிக் கூவினாள். “யூலைசி, இங்க வந்து பாருடி! படிக்காம போனைத் தடவிக்கிட்டே இருந்தா கடைசியில இந்தப் பொழப்புதான்!”

வந்த மகள் எவேலியோவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“அம்மா, சும்மா இரேன்.”

“நானாவா சொல்றேன்? ‘படிக்காதவன் மூட்டைதான் தூக்கணும்’னு உங்க கணக்கு வாத்தியார் சொன்னதா நீதானே வந்து சொன்னே!”

யூலைசி ஃப்ரிட்ஜின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

“உனக்கென்னடி வந்துச்சு? அதுக்குத்தானே அந்தாளு வந்திருக்காரு!”

எவேலியோவால் தலை நிமிர முடியவில்லை.

“அந்த வாத்தியார் நான்தாம்மா” என்றார்.