பதினாறாவது சீட்

"பதினாறாவது சீட் இந்தத் தடவை எனக்கு வேணுங்க சார்."

டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த முதலாளி சகாயம் சார் டம்ளரை அப்படியே நிறுத்தினார்.

பீளமேட்டில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த டூரிஸ்ட் ஆபீஸ். செவ்வந்தி வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, பக்கத்து டேபிள் டெய்சியக்கா காதோடு சொல்லியிருந்தாள். சம்பளம் கூடக் கேளு, லீவு கேளு, அந்தப் பதினாறாவது சீட்டை மட்டும் கேட்டுராதே.

பதினைந்து பேர் காசு கட்டினால் ஒரு சீட் இலவசம். கூட்டத்தைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறவருக்கான சீட் அது. மூன்று வருடமாக அதில் போகிறவள் சாருடைய அண்ணன் மகள் லின்சி.

பிளான் போடுகிறவள் செவ்வந்தி.

ஸ்பெயினில் கிரோனா மாகாணம். அரசர் காலத்துக் கல்கிராமங்கள். பெசாலுவில் பாலம் ஆற்றுக்கு நடுவே முழங்கை மாதிரி மடங்கும். பெரதயாதாவில் பாறைத் தெருவில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கும், முட்டிவலிக்காரர்களை ஓரமாகத்தான் நடத்திப் போகவேண்டும். பால்ஸ் ஊரைச் சுற்றி நெல்வயல். கோபிசெட்டிபாளையத்துக்காரர்களை அங்கே இறக்கிவிட்டால் வரப்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார்கள் என்று அதற்கும் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தாள். பஸ் எங்கே நிற்கும், பாத்ரூம் எங்கே இருக்கிறது, எந்த ஓட்டல்காரி நம் சமையல்காரருக்கு அடுப்பைக் கொடுப்பாள், எல்லாம் அத்துப்படி. அந்த ஓட்டல்காரியோடு பேசுவதற்கென்றே யூடியூப் பார்த்து ஸ்பானிஷ் படித்தாள்.

போன வருடம் லின்சி அனுப்பிய போட்டோவில், பாலம் மடங்குகிற அதே இடத்தில் நின்றுகொண்டு அவள் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பாருடி" என்று செவ்வந்தி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து வாய்விட்டே திட்டினாள்.

ஊருக்கு வந்ததும் லின்சி சொன்னாள், "எல்லாம் ஒரே மாதிரி கல்லுக்கா. கால்வலிதான் மிச்சம்." அன்று மத்தியானம் செவ்வந்திக்குச் சோறு இறங்கவில்லை.

சார் இப்போது சிரித்தார். "ஏங் கண்ணு, நீ போயிட்டா இங்க போன் எடுக்கறது யாரு?"

"லின்சி எடுக்கட்டுங்க."

டெய்சியக்கா பிரிண்டரில் பேப்பர் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"கோவிச்சுக்காதே அம்மணி. விசாக்காரன் கேப்பானல்ல? நீ திரும்பி வருவேங்கறதுக்கு என்னத்தக் காட்டறது? நெலமா, ஊடா?"

விசாவுக்குப் போகிற கடிதங்களையும் அவள்தான் எழுதுகிறாள். கோபித் தம்பதிக்கு எட்டு ஏக்கர் வாழை, ஆகவே திரும்பி வருவார்கள். கோட்டைமேட்டு பாத்திமுத்து அம்மாவுக்குச் சொந்த ஜவுளிக்கடை, ஆகவே திரும்பி வருவார். லின்சிக்குச் சாய்பாபா காலனியில் வீடு, ஜனவரியில் கல்யாணம், ஆகவே திரும்பி வருவார்.

லின்சியின் கடிதத்தை நேற்று அடித்தபோதுதான், மூன்று வருடமாகத் தன் வயிறு எதற்கு எரிகிறது என்பது அவளுக்குச் சரியாகப் பிடிபட்டது. போகிறார்களே என்று எரிந்தது பாதி. போனால் திரும்பி வர இவர்களுக்கெல்லாம் ஏதோ ஒன்று இருக்கிறதே என்று எரிந்தது மீதி. அந்தியூரில் அவளுக்கு இருப்பது வாடகை ஓட்டு வீடும், வாழைத்தார் சுமக்கிற அப்பாவும். அப்பா என்று எழுதினால் விசாக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவருக்குப் பட்டா கிடையாது.

"இந்த வேலை இருக்குதுங்களே சார். ஆறு வருசமா வாரேன். அதை எழுதுங்க."

சார் மூலையிலிருந்த பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"சரி, நீயே போயிட்டு வா. லின்சிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

பெசாலு. பாலத்தின் மடக்கில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஒருமுறை போய், மறுபடி திரும்பி வந்து, இன்னொரு முறையும் பார்க்கலாம்.

சார் மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"எனக்கென்ன பயம்? உன்ற டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினல் நம்ம பீரோலதானே கெடக்குது. அத உட்டுப்போட்டு எங்க போயிருவே?"

குத்தலாகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னார்.

வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்தது. அவள் வீட்டுக்கு வந்த முதல் டிகிரி. அப்பா அதை ஒரே ஒரு நாள்தான் பார்த்தார். மறுநாள் காலை பஸ்ஸில் கொண்டுவந்து இவரிடம் கொடுத்துவிட்டாள்.

"அதைக் குடுங்க சார்."

"எதை?"

"சர்டிபிகேட்டை."

"வேலைய உட்டாத்தான் அது கைக்கு வரும்னு அன்னிக்கே சொன்னனே கண்ணு."

"சொன்னீங்க."

டெய்சியக்கா நிமிர்ந்தாள்.

செவ்வந்தி கையை நீட்டியபடி நின்றாள். சார் அந்தக் கையைப் பார்த்தார், டெய்சியைப் பார்த்தார். பிறகு எழுந்து பீரோவைத் திறந்தார். பிளாஸ்டிக் கவர் மஞ்சளாகியிருந்தது, உள்ளே அவள் பெயர் அப்படியே இருந்தது.

"அப்ப ஸ்பெயின் வேண்டாமா?"

அவர் குரலில் நிஜமாகவே குழப்பம் இருந்தது.

"வேணுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.