சனிக்கிழமை நாலு மணி டெஸ்ட்

கீழ் வீட்டு அஜீஸுக்குத் தன் மீன் தொட்டி மேல் ஒரு கண் என்பதில் பெஞ்சமினுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.

இல்லாவிட்டால் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பானேன்?

“அண்ணே, இந்தச் சனிக்கிழமையும் டெஸ்ட் இருக்கா? நாலு மணிக்குத்தானே?”

“இருக்கு, இருக்கு.”

எப்போது உடையும் என்று நாள் பார்க்கிறான் என மனசுக்குள் கறுவிக்கொள்வார் பெஞ்சமின்.

பத்து காவான் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு எஞ்சினியர் அவர். ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடி வீடு. குசினியை ஒட்டி ஒரு கடல்நீர்த் தொட்டி. அதை மூன்றாக்க வேண்டும் என்பது இந்த வருஷத்துக் கிறுக்கு. கோமாளி மீனுக்கு ஒன்று, பவளத்துக்கு ஒன்று, கடல்குதிரைக்கு ஒன்று.

தொட்டியில் வழியும் தண்ணீர் அடியிலுள்ள சேமிப்புத் தொட்டிக்கு வந்து, பம்ப் வழியாக மறுபடி மேலே போகும். கரண்ட் போனால்? மேல் தண்ணீர் கீழே இறங்கும். கீழே வழிந்தால்? அதற்கடியில் ஒரு தட்டு. தட்டும் நிறைந்தால்? தட்டிலிருந்து ஒரு குழாய், நேராகக் குசினித் தரை வடிகாலுக்கு.

ஐந்து கட்டப் பாதுகாப்பு. பதினாலு பக்கத் திட்டம். அம்புக்குறிகள்கூட கலர் கலராக இருந்தன.

“நம்ம கல்யாண ஆல்பத்தக்கூட நீங்க இவ்வளவு தடவ புரட்டினதில்ல லா,” என்றாள் மனைவி ஷேரன்.

வாராவாரம் சனிக்கிழமை நாலு மணிக்கு பம்பை அணைத்து, வழியும் தண்ணீர் வடிகால் வரை போகிறதா என்று சோதனை செய்வார். நாலு மாதமாக அவர் வீட்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது, அடுக்குமாடி நிர்வாக அலுவலகம் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டும் வரை. கீழ் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் இன்னும் இரண்டு தொட்டிக்கு அனுமதியாம்.

போன வருஷம் அஜீஸ் வீட்டு ஏர்கோன் தண்ணீர் பெஞ்சமினின் கார் மேல் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. மனிதர் சும்மா இருந்தாரா? படம் எடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, மூன்று பக்கப் புகாரை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார். ‘அண்டை வீட்டாரின் பொறுப்பின்மை’ என்று தலைப்பு வேறு.

“அந்தப் புகார எழுதின ஆளுக்கு இப்ப அவரு கையெழுத்து வேணுமா?” ஷேரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சிரிக்காத. நான் கீழ போறேன். சரியா நாலு மணிக்கு நீ பம்ப ஆஃப் பண்ணு. தன் வீட்டுக் கூரையில ஒரு சொட்டு ஈரம் இல்லன்னு அவரே கண்ணால பாக்கட்டும்.”

பதினாலு பக்கத் திட்டத்தையும் பாரத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

“வாங்கண்ணே, உக்காருங்க,” என்றார் அஜீஸ். பள்ளி வேன் ஓட்டுபவர். சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பார்.

“பாய், இதுல அஞ்சு கட்டப் பாதுகாப்பு இருக்கு. மொதல் கட்டம்...”

“அதெல்லாம் எனக்கு என்னண்ணே புரியும்? பேனாவக் குடுங்க லா.”

‘மேல் வீட்டால் எந்த நீர்க்கசிவும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே சரக்கென்று கையெழுத்து விழுந்தது.

இரண்டு வாரமாகக் கண்ணாடி முன் பேசிப் பழகியதெல்லாம் வீண். பெஞ்சமினுக்கு லேசான ஏமாற்றம்கூட.

சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது. அஜீஸ் சட்டென்று எழுந்தார்.

“ஒரு நிமிசம்ண்ணே, இதோ வந்துடறேன்.”

குசினிக்குள் போனார். ஈரமில்லாத கூரையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது? பெஞ்சமினும் பின்னாலேயே போனார்.

தரையில் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. அஜீஸ் ஒரு சிவப்பு வாளியைக் காலால் தள்ளி அந்தக் குறியின் மேல் நிறுத்தினார். வாளிக்குள் ஒரு பழைய துண்டு, சொட்டும் சத்தம் கேட்காமல் இருக்க.

பெஞ்சமின் நிமிர்ந்து பார்த்தார். கூரைக்கடியில் ஒரு குழாய். அவர் வீட்டுத் தரை வடிகாலின் குழாய்தான். அதன் மூட்டைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

தன் வீட்டுத் தரைக்குக் கீழே இன்னொரு வீடு இருக்கிறது என்பது மட்டும் அந்தப் பதினாலு பக்கத்தில் எங்குமே இல்லை.

ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்புறம் விடாமல். கையை நீட்டிப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. எஞ்சினியர் அல்லவா, உறுதி செய்துகொள்ள வேண்டுமே!

“எத்தன நாளா பாய் இப்படி?”

“நீங்க டெஸ்ட் ஆரம்பிச்சதுலேருந்துண்ணே. சனிக்கிழமை மட்டும்தானே? நேரத்தக் கேட்டு வச்சுக்கிட்டா வாளிய வச்சிடலாம்.”

பெஞ்சமினுக்கு முகம் சுருங்கிவிட்டது. கையெழுத்திட்ட பாரத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாய்?”

அஜீஸ் தயங்கினார். குரலில் கிண்டல் கொஞ்சமும் இல்லை.

“என் ஏர்கோன் தண்ணி ரெண்டு சொட்டு உங்க காடி மேல விழுந்ததுக்கே மூணு பக்கம் எழுதற அளவுக்கு மனசு நொந்துட்டீங்க. உங்களால இங்க ஒரு வாளி நெறயுதுன்னு தெரிஞ்சா, நீங்க தாங்குவீங்களாண்ணே?”