முந்திக்கொண்டு வந்த சேதி

ரெங்கம்மா இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

காலில் சீழ் பிடித்த புண், அடங்காத காய்ச்சல், கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலையில் விழுங்கக் கொடுத்த குளிசை. ஒன்றுவிடாமல் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் வந்து நின்றன.

அவள் புருஷன் அழகையா நினைவு தப்பிக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தான்.

"எங்க லொறி இப்பதானேங்க வந்து நின்னுச்சு. இதெல்லாம் எப்படிங்க முந்திக்கிட்டு வந்துச்சு?"

டாக்டர் பிரசாந்தினி யாழ்ப்பாணத்துப் பெண். அந்த அவசரத்திலும் சிரித்தார். "டெலிபோன் வயருக்குள்ளால வந்தது, அம்மா. இஞ்சத்த ஆஸ்பத்திரியள் எல்லாம் இப்ப ஒண்டுக்கொண்டு சொல்லிக்கொள்ளும்."

ரெங்கம்மாவுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பெரியாஸ்பத்திரி என்றாலே அவளுக்குப் பயம். தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு வழியில் மழையில் நனைந்து கூழாகிவிடும். அப்புறம் தெரியாத சிங்களத்தில் ஆதியிலிருந்து கேட்பார்கள். வாயிருந்தும் ஊமையாக நிற்க வேண்டும். இன்றைக்கு அவளுக்காக ஒரு பெட்டி பேசுகிறது.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றித் தயாராகக் கொண்டுவந்தாள்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. போன வருசம் மொனராகலை ஆஸ்பத்திரியில ஒரு அழகையாவுக்கு இந்த ஊசியைப் போட்டு, மூச்சடைச்சுச் சாகப் பாத்திருக்கிறார். அது இவரெண்டால் இதைப் போடேலாது. வேற ஆளெண்டால் இதுதான் நல்ல மருந்து, இப்பவே போடோணும்."

வயது ஒத்துப்போனது. ஆனால் அடையாள அட்டை நம்பர் இல்லை. அவன்தான் அட்டையே எடுக்கவில்லையே. அழகையா என்ற பெயரிலோ தோட்டத்துக்குத் தோட்டம் ஆளிருக்கிறது.

ரெங்கம்மாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் அவன் மொனராகலைக்குக் கரும்பு வெட்டப் போவான். போன தீபாவளிக்கு வந்து சேரவில்லை. பிறகு எலும்பும் தோலுமாக வந்து, சும்மா காய்ச்சல் என்றான். பிள்ளைகளுக்குப் புதுத்துணிகூட இல்லை என்று அவள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். செத்துப் பிழைத்ததைப் பற்றி மனுஷன் மூச்சுவிடவில்லை.

கட்டினவளுக்கே தெரியாததை இந்தப் பெட்டி அறிந்து வைத்திருக்கிறது. என்ன அதிசயம் இது!

அவர்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது, டாக்டர் இன்னொரு வரியைப் படித்தார்.

"அங்க கூட நிண்டு பாத்தது அவரின்ர மனிசி ஜெயலெட்சுமி எண்டு கிடக்கு. அது நீங்கள்தானே?"

அப்படியொரு பெயரை ரெங்கம்மா கேட்டதே இல்லை.

கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். எழுப்பி உட்காரவைத்து நாலு அறை விடலாம் போலிருந்தது. அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

நர்ஸ் ஊசியோடு காத்துக்கொண்டிருந்தாள். அந்த மனைவி வேறொருத்தி என்றால், அந்த அழகையாவும் வேறொருத்தன் என்றுதான் டாக்டர் முடிவு கட்டுவார்.

"ஆமாங்க," என்றாள் ரெங்கம்மா. "நான்தாங்க ஜெயலெட்சுமி."

நர்ஸ் ஊசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய், வேறு மருந்தோடு ஓடிவந்தாள்.

டாக்டருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. மனைவி என்ற இடத்தில் அந்தப் பெயரையே இங்கும் தட்டினார். இனி எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் அழகையாவுக்கு அந்த ஊசியைப் போட மாட்டார்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், ரெங்கம்மா அவனுக்கு யாருமில்லை.