தற்காலிக வழி

"அப்டேட் எழுபது பர்சன்ட்தான் ஆகியிருக்கு. அதுக்குள்ள ஏம்மா இப்படி வேர்க்குது? ஏசி ஓடுதுல்ல?" என்றார் மேலாளர்.

நெட்வொர்க் பொறியாளர் துப்பட்டாவால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மேடம்."

"நடுவுல நின்னுடும்னு பயமா? பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற புருஷன் மாதிரி நிக்கிறீங்க!"

"நிக்காது மேடம்."

நின்றால் நன்றாக இருக்கும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளுக்குள் வெளியாள் நுழையாமல் காக்கும் ஃபயர்வாலை நான்கு வருடமாக அவள் ஒருத்தியே பார்த்துவந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. வேறு யாருக்கும் புரியாது. மேலாளர் வந்து பத்து நாள்தான் ஆகிறது. வந்ததும் முதல் உத்தரவு: "எனக்கும் புரியற மாதிரி, படமா காட்டுற மென்பொருளைப் போடுங்க. எந்த வழி யாருக்குத் திறந்திருக்குன்னு நான் கண்ணால பார்க்கணும்."

காலையில் அதை நிறுவினாள். இப்போது அப்டேட் ஏறிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை ஃபயர்வாலில் எதையும் மாற்ற முடியாது. அறுபதைத் தொட்டபோதுதான் அந்த நினைவு வந்தது.

போன வருடம் அவள் திறந்துவிட்ட ஒரு வழி. வீட்டில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா. அது அனுப்பும் படம் இங்கே அவள் மேசைக் கணினிக்கு வர, யாரையும் கேட்காமல் ஃபயர்வாலில் ஓர் ஓட்டை. 'தற்காலிகம்' என்று எழுதிவைத்தாள். மூட மறந்தாள்.

போன மாதம் கிளையில் ஒருவன் இப்படி ஒன்றைத் திறந்துவிட்டதற்கு, அன்று மாலையே வேலை போனது.

நூறு.

"அடேயப்பா, கலர் கலரா இருக்கே!" மேலாளரின் விரல் வரிசையாய் இறங்கியது. "இது?"

"கிளைகளுக்கு மேடம்."

"இது?"

"டாக்டர்களுக்கு ரிசல்ட் போற வழி."

"இது ஏன் சிவப்பா இருக்கு? 'தற்காலிகம்'னு உங்க பேர் போட்டிருக்கு. வெளியிலிருந்து யார் வேணா உள்ள வரலாம்னு திறந்து கிடக்கு!"

தேள் கொட்டிய திருடன்போல் நின்றாள். பிறகு சொல்லிவிட்டாள். "அப்பா எந்திரிக்க முடியாம கிடந்தார் மேடம். பகல்ல பார்த்துக்க ஆள் இல்ல. கேமரா வெச்சு இங்கிருந்தே பார்த்துக்கிட்டேன். தப்புதான். வேலையிலிருந்து மட்டும் எடுத்துடாதீங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எங்கம்மாவும் ரெண்டு வருஷம் அப்படித்தான் கிடந்தாங்க. நான் மேல சொல்லல. சாயங்காலத்துக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிட்டு, இதை மூடிடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அவள் கைகூப்பினாள்.

"அட, போம்மா. போய் ஒரு வாய் தண்ணி குடிங்க. அப்பாவை நினைச்சும் பயப்படாதீங்க." மேலாளர் திரையைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். "கேமரா ஜம்முனு ஓடுது பாருங்க. 'கடைசியாகப் பயன்பட்டது: நான்கு விநாடிக்கு முன்'."

அப்பா இறந்த மறுநாளே அந்தக் கேமராவைத் தன் கையால் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். அதற்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.