பிரித்த டக்

புற்றுநோய் அரித்த தொடையெலும்பை எடுத்துவிட்டு, தாரிகாவின் காலுக்குள் நீளக்கூடிய உலோக எலும்பு ஒன்றை வைத்திருந்தார்கள். நல்ல கால் வளர வளர, இந்தக் காலைக் காந்த வளையத்துக்குள் நீட்டிப் படுத்தால் போதும். கத்தி படாமலே உள்ளே ஓர் அரிசி நீளம் கூடிவிடும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவளுடைய அம்மா பூரணி, மகளின் பாவாடையில் மடித்துத் தைத்திருந்த ஒரு டக்கைப் பிரித்து நீளமாக்கிவிடுவாள். அவளுக்கு அது ஒரு வேண்டுதல் மாதிரி.

இந்த முறை டாக்டர் இரண்டு கால்களையும் டேப் வைத்து அளந்தார்.

"ரெண்டும் சமமா இருக்கும்மா. இன்னைக்கு மெஷின் வேண்டாம்."

பூரணி கும்பிட்டே விட்டாள். "அப்போ எல்லாம் சரியாயிடுச்சா சார்?"

அவர் நல்ல காலை மட்டும் மறுபடி அளந்தார்.

"போன தடவை இருந்த அதே அளவு, வளரவே இல்ல," என்றார் மெதுவாக. "பாப்பாவுக்குச் சாப்பாடு எறங்குதா?"

தாரிகா கட்டிலைவிட்டு இறங்கி நின்றாள். டக் பிரித்த இடம் மட்டும் சாயம் போகாமல் பளிச்சென்றிருக்க, பாவாடை தரையில் புரண்டது.

"அம்மா, தடுக்குதும்மா."

பூரணி குனிந்து, காலையில் பிரித்த துணியை விரல்களால் மறுபடி மடித்துப் பிடித்துக்கொண்டாள்.