கம்பளிக்குள்

அண்ணி சிற்பி. களிமண்ணைத் தொடமாட்டாள். ஓர் ஆளை நிற்க வைத்து, அவர் உடம்பின் மேலேயே கம்பளி நூலால் பின்னுவாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை பின்னி முடித்ததும், முதுகில் கத்தரித்துக் கழற்றிவிடுவாள். உடம்பின் வடிவம் அப்படியே நூலில் நிற்கும்.

இந்த முறை நான் நின்றேன்.

“வயித்த எக்காதடி. அப்புறம் யாரு சிலைன்னே தெரியாது.”

“சிலையாச்சும் இளைக்கட்டுமே அண்ணி.”

சிரித்தாள். மதியத்துக்குள் என் கைகளையும் விலாவோடு சேர்த்துப் பின்னிவிட்டாள். என் மகளுக்குப் பள்ளி விடும் நேரமாகிவிட்டது.

“போதும், வெட்டுங்க. பாப்பாவ கூட்டிட்டு வரணும்.”

கத்தரிக்கோல் முதுகில் இறங்கும் ஓசை கேட்டது. இடுப்பருகே நின்றது. என் முதுகிலிருந்து ஒரு பிடி வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து காலடியில் விழுந்தது.

“அண்ணி, இது என்ன?”

அவள் குனிந்து அதை எடுத்தாள். அதைத் திரும்ப வைக்க, அவள் கை முழங்கைவரை எனக்குள் போனது. வலிக்கவே இல்லை. பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள்.

“நீ நில்லு,” என்றாள் மெதுவாக. “பாப்பாவ நான் கூட்டிட்டு வரேன்.”